கடைசி வரிசைக்குக் கேட்கும்படி

வயரை அப்புறம் இழுக்கலாம் தம்பி. ஏணியை விட்டு இறங்கி இப்படி உட்காருங்கள். கூட்டம் ஆறு மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். ஏழுக்கு முன்னால் ஒருவனும் வர மாட்டான். உங்கள் ஸ்பீக்கரில் ஏன் இப்படி ஒரு இரைச்சல் என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். எனக்கு நடந்த அநியாயங்களை நான் ஒருநாளும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை. மேடையிலும் அப்படித்தான், கோர்ட்டிலும் அப்படித்தான்.

முதல் அநியாயம் கம்பெனி செய்தது. உப்பளத்தில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்பு வெள்ளையில் வெயில் பட்டுத் தெறித்துக் கண் போகிறது, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுங்கள் என்று கேட்டேன். 'ஒழுங்கீனம்' என்று ஒரே சொல்லில் வெளியே அனுப்பினார்கள். இரண்டாவது, போலீஸ். வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் என் வலது கையில் இரண்டு விரலை ஒடித்தார்கள். அதனால்தான் சால்டரிங் இரும்பை நான் கோணலாகப் பிடிக்கிறேன், பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, கட்சி. எனக்கு என்று எல்லோரும் பேசிவைத்திருந்த தொகுதியை, உப்புப் பாத்தியில் கால் வைத்தால் அலறுகிற ஒரு வக்கீலுக்குக் கொடுத்தது. நான்காவது, இந்தச் சங்கம். நான் கட்டிய சங்கம். இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவன் நான். இன்றைய செயலாளர் செல்வின், சின்னப் பையன், என்னிடம் வந்து சொல்கிறான்: "ஐயா, ஒங்களுக்கு வாழ்த்துரை போட்டிருக்கோம். அஞ்சே நிமிசம். பழசெல்லாம் கிண்டாதீங்க ஐயா, எல்லாரும் செல்போன எடுத்துருவாங்க."

ஐந்தாவது அநியாயம்தான் இதோ கிட்டாராக மேஜைமேல் படுத்திருக்கிறது.

தொடாதீர்கள். தொட்டால் அதற்குத் தெரிந்துவிடும். விரல் நகம் பட்டால் போதும், உங்கள் ஸ்பீக்கரில் கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். உங்கள் மைக் வாயைக் கேட்கும், தம்பி. இது அப்படி இல்லை. இது மரத்தைக் கேட்கும். மேஜையைக் கேட்கும், மேஜை நிற்கிற தரையைக் கேட்கும், தரையில் நடக்கிறவனைக் கேட்கும். உள்ளே, அதிர்வைப் பிடிக்கிற பீசோ தகடு இரண்டு ஒட்டியிருக்கிறேன். பித்தளை வட்டம், நடுவில் வெள்ளையாக இன்னொரு வட்டம். திறந்தால் பாடுகிற வாழ்த்து அட்டையில் இருக்குமே, அதுதான். நரம்புகள் ஏறி நிற்கிற இந்தக் குதிரைக்கு நேர் கீழே, பலகையின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். பித்தளையில் எர்த், வெள்ளையில் சிக்னல். வெள்ளையில் ஈயம் வைக்கும்போது இரும்பைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். சூடு கூடினால் வெள்ளை செத்துவிடும். இதெல்லாம் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. புத்தகம் பார்த்தேன். சின்னப் புத்தகங்கள்தான் என்னைப் படிக்க வைத்தன. உபரி மதிப்பையே பதினாறு பக்கத்தில் புரிந்துகொண்டவனுக்கு இரண்டு வயர் பெரிய காரியமா?

கதவோரம் உட்கார்ந்திருக்கிறாரே அந்த அம்மாள், அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார். காபி வாங்கிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பெயர் பிரகாசி. இந்தக் கிட்டாரைச் செய்தவனுடைய மனைவி.

செய்தவன் பெயர் பிறகு வரும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

அவன் உப்பளத்தில் தச்சன். மடைப் பலகை, உப்பு வாருகிற பலகை, எல்லாம் அவன் கைவேலை. கடற்கரைத் தெருக்காரன். மாதா கோவில் பாட்டுக் குழுவில் ஒரு சாமியாரிடம் கிட்டார் பழகியிருந்தான். வாங்க வசதியில்லை, செய்துகொண்டான். முன்பக்கம் தேயிலைப் பெட்டிப் பலகை. உற்றுப் பாருங்கள், அச்சு எழுத்தின் நிழல் இன்னும் தெரியும். பக்கமும் முதுகும் உடைந்த வள்ளத்தின் மரம். தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்திருக்கிறான். வேலைநிறுத்தம் தொடங்கியதும் இதைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்தான். நானே அவனை மேடையேற்றினேன். அதை மறந்துவிடக் கூடாது. மேடையேற்றியவன் நான்தான்.

கூட்டம் உப்புக் கொட்டகையில் நடக்கும். ஆயிரம் பேர் உட்காரலாம். நான் பேசினால் கடைசி வரிசையில் இருக்கிற கிழவிகூடக் கையைத் தட்டுவாள். இவன் பாடும்போது மைக் இவன் வாய்க்குப் போய்விடும். கிட்டார் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "ஏலே, ஒன் பெட்டி கொசு மாதிரி கத்துது. கடைசி வரிசைக்குக் கேக்கணும். கேக்க வைக்க முடிஞ்சா மேடைக்குக் கொண்டா, இல்லாட்டி வீட்டுல வச்சுப் பிள்ளையத் தூங்கப் போடு." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"கொசுதான் தலைவரே ஆள எழுப்பி விடும். தூங்க வைக்கறது பேச்சு."

அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். தகவலுக்காகச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. கம்பெனி மேனேஜரின் பங்களாப் பின்வாசலில் இவனைப் பார்த்ததாக இரண்டு பேர் வந்து சொன்னார்கள். வேலைநிறுத்தம் நடக்கிறது, அரிசி இல்லாமல் தெருவுக்குத் தெரு கஞ்சித் தொட்டி, இவன் பங்களாச் சமையல்காரனோடு நின்று பேசுகிறான். கையில் துணி மூட்டை. சின்ன மூட்டை. நானே அவனை வழிமறித்துக் கேட்டேன். நேர்மையாகக் கேட்டேன்.

"மூட்டையில என்னலே?"

மூட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தம்பி, குற்றமில்லாதவன் ஒளிப்பானா? ஒளித்துவிட்டுச் சொல்கிறான்: "நாளைக்குத் தெரியும். கூட்டத்துல கடைசி வரிசையில போய் நின்னு பாரும் தலைவரே."

என்னையே கடைசி வரிசைக்குப் போகச் சொல்கிறான். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்தச் சங்கத்தின் விதிகளை எழுதியவன் நான். மற்றச் சங்கங்களில் ஆளை நீக்கினால் ஒரு கடிதம் போடுவார்கள். கடிதத்தை எவன் படிக்கிறான்? எங்கள் விதி வேறு. நீக்கப்படுகிறவனின் பெயரைத் தகப்பன் பெயரோடு கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். அவன் 'உள்ளேன்' என்று பதில் சொல்ல வேண்டும். அவனை அறிந்த இரண்டு சாட்சி வேண்டும். பதில் வந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து அவனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அவன் வெளியே போகிற வரைக்கும். யாரும் அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது. நாகரிகமான விதி. திரும்பச் சேர்ப்பதற்கும் அதே முறை. நீக்கியவன் வாயாலேயே வாசிக்க வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும், சாட்சி இரண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. பெயர் மட்டும் போதும்.

மறுநாள் கூட்டம். அவன் சீக்கிரமே வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தான். கிட்டாரின் வயிற்றிலிருந்து ஒரு வயர் தொங்கியது. அறுந்த நரம்பு என்று நினைத்தேன். மைக்செட்காரனிடம் ஏதோ குசுகுசுவென்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் மைக்கைப் பிடித்தேன். முன்னுரை இல்லை, விளக்கம் இல்லை. விதிப்படி பெயரை வாசித்தேன், தகப்பன் பெயரோடு.

"உள்ளேன்!" என்றான். சிரித்துக்கொண்டே. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடைப்படியில் ஒரு கால் வைத்துவிட்டான். பாடக் கூப்பிட்டது மாதிரி. அந்தத் திமிரைப் பார்த்தீர்களா? பெயரை நீக்க வாசிக்கிறேன், சிரித்துக்கொண்டு ஏறுகிறான்.

எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். ஆயிரம் முதுகு. வாசித்தவனும் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தேன், நானும் திரும்பினேன். அதனால் அவன் முகம் எப்படி ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. சங்கத்தில் யாரும் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரகாசி நின்றார். அவர் உறுப்பினர் இல்லை. அவர் பார்த்திருக்கலாம். என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான். அந்த வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு போகிற சத்தம். உப்புத் துகள் கிடக்கிற தரை. சர்ர்ர் என்று. வாசல் வரைக்கும்.

அதற்கப்புறம் அவனுக்கு எந்த உப்பளத்திலும் வேலை இல்லை. அவன் வீட்டு வழியாக யாரும் போகவில்லை. மழைக்காலம் வந்தது. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத தச்சன், ஆள் குறைந்த ஒரு வள்ளத்தில் கூலிக்கு ஏறிப் போனான். மற்றவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. அதை என் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள். தம்பி, நான் வாசித்தது பெயரை மட்டும். தீர்மானத்தில் கடல் என்ற சொல்லே இல்லை.

வேலைநிறுத்தம் முடிந்து ஐம்பது ஆண்டு ஆகிறது. இன்றைக்கு மாலை, அன்று நின்றவர்கள் பெயரையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள். பிரகாசி செல்வினிடம் போய்ப் புருஷன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். செல்வின் தந்திரக்காரன். "பாட்டி, நீக்குனவரு உசுரோடதான் இருக்காரு. அவரு வாயால வாசிச்சாத்தான் செல்லும். அவருகிட்டயே போங்க" என்று என் தலையில் தள்ளிவிட்டான்.

வந்தார். போன மாதம், நட்ட நடுப்பகலில். ஒரு சேலையில் பெரிதாக எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் என் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. நான் பண்போடுதான் பேசினேன். "உக்காரும்மா" என்றேன்.

"உக்கார வரல தலைவரே. ஒங்க வாயால எடுத்த பேரு. ஒங்க வாயால திருப்பி வையும்."

நான் விதியைச் சொன்னேன். உறுப்பினர் இருந்து பதில் சொல்ல வேண்டும். இறந்தவர் எப்படிப் பதில் சொல்வார்? எனக்கு ஆசையில்லாமல் இல்லை, விதி இடம் தரவில்லை. இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் சேலையை அவிழ்த்துக் கிட்டாரை என் மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் நரம்பெல்லாம் முனகியது.

"உள்ளேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? இது சொல்லும்."

"இது சொன்னா யாருக்கும்மா கேக்கும்? சாட்சிக்குக் கேக்கணும். கூட்டம்னா கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்றேன். நியாயமான கேள்விதானே?

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப கேக்க வையும். அவர அன்னைக்குச் செய்யச் சொன்னீருல்லா? இன்னைக்கு நீரு செய்யும்." போய்விட்டார். சேலையைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

இதுதான் ஐந்தாவது அநியாயம். ஒரு முதியவனின் வீட்டில் அவனைக் கேட்காமல் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவது.

ஆனால் சவாலுக்குப் பின்வாங்குகிறவன் இல்லை நான். தகடு வாங்கினேன், வயர் வாங்கினேன். உள்ளே எங்கே ஒட்டுவது என்று சவரக் கண்ணாடியை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். குதிரைக்கு நேர் கீழே, நான் குறித்துவைத்திருந்த அதே இடத்தில், ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருந்தது.

விரலால் நெம்பி எடுத்தேன். அரைகுறையாக ஒரு கறுப்புத் துண்டு, கட்டைவிரல் அளவு. இரண்டு மெல்லிய வயரின் மிச்சம். மீன் மார்க்கெட் பக்கத்தில் ஒரு ரேடியோ கடைக்காரர் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பழைய ரிக்கார்டு பிளேயர்ல ஊசி மாட்டுற தலை. எங்க கெடச்சுது ஒங்களுக்கு? உள்ள ஒரு படிகம் இருக்கும். அந்தக் காலத்துல ஒரு மாதிரி உப்புல செய்வாங்க."

"உப்பா?"

"உப்புதான். சமையல் உப்பு இல்ல. அதிர்ந்தா கரண்டு குடுக்கும். இப்ப நீங்க வாங்குன தகடு செய்ற அதே வேல. கிட்டார்ல ஒட்டி வயர் இழுத்தா மைக் இல்லாமலே ஸ்பீக்கர்ல கேக்கும். ஆனா நம்ம ஊர்க் காத்துக்கு இது தாங்காது. ஈரம் ஏறிச் செத்துப்போச்சு."

இதோ என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள். பிரகாசியிடம் இன்னும் காட்டவில்லை. எதிர்த்தரப்பிடம் ஆதாரத்தை முன்கூட்டிக் காட்டுவது முட்டாள்தனம்.

ஆமாம், ஆதாரம். பாருங்கள், அவன் பங்களாவில் பொருள் வாங்கியது உண்மை. மூட்டையில் இருந்தது இது. மேனேஜர் வீட்டில் உடைந்த ரிக்கார்டு பிளேயர், குப்பைக்குப் போக வேண்டியது, சமையல்காரன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஆக, கம்பெனிப் பொருள். வேலைநிறுத்த நேரத்தில் கம்பெனி வாசலுக்குப் போகக் கூடாது என்பது தீர்மானம். குப்பைக்கானாலும் போகக் கூடாது. நான் செய்தது சரி என்று ஐம்பது ஆண்டுக்குப் பிறகு நிரூபணம் ஆகிவிட்டது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எதற்காக வாங்கினான் என்பது வேறு விஷயம். தீர்மானம் நோக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

இருக்கட்டும். அது இருந்த இடத்தில் பசையின் தழும்பு இருந்தது. அந்தத் தழும்பின்மேலேயே என் தகடுகளை ஒட்டினேன். வேறு இடம் தேடிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், அதுதான் சரியான இடம். நான் கண்டுபிடித்திருந்தாலும் அங்கேதான் ஒட்டியிருப்பேன். நானாகக் குறித்துவைத்த இடமும் அதுதானே.

ஜாக் வைத்தேன். ஒரு சின்ன ஆம்ப்ளிபயரில் மாட்டினேன். நன்றாக வேலை செய்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வாழ்த்துரையை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று நின்றேன். கிட்டார் மேஜைமேல் கிடந்தது. அன்று நின்ற தோழர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மரியான், சங்கிலி, பேச்சிமுத்து. கிட்டாரைச் செய்தவன் பேரும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

ஸ்பீக்கர் ம்ம்ம் என்றது.

யாரோ கூப்பிட்டதற்குக் குரல் கொடுக்கிற மாதிரி. நான் வாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடங்கியது.

நான் பகுத்தறிவுவாதி. கடவுளுக்கே பயப்படாதவன். பேய்க்கா பயப்படுவேன்? மறுபடி சொன்னேன். ம்ம்ம். மரியான் என்றேன், சும்மா இருந்தது. சங்கிலி, சும்மா இருந்தது. பேச்சிமுத்து என்று கத்தினேன், ஒரு தடவை டக்கென்று சத்தம் வந்து போயிற்று. ம்ம்ம் என்பது அவன் பெயருக்கு மட்டும்தான். தலையணைமேல் வைத்துப் பார்த்தேன். உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். எர்த் வயரைப் பிரித்து மறுபடி ஈயம் வைத்தேன். எர்த் என்றுதானே நீங்களும் இப்போது சொல்ல வருகிறீர்கள்? பார்த்தாயிற்று. எர்த் சரியாக இருக்கிறது.

நரம்புகள்மேல் துண்டைப் போட்டேன். அடங்கியது. அடங்கியது அதைவிட மோசம். துண்டைப் போட்டபின் ஸ்பீக்கரில் ஒரு அமைதி கேட்கும், தம்பி. நீங்கள் தொழில்காரர், உங்களுக்குத் தெரியும், இயக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரின் அமைதி வேறு, அணைத்த ஸ்பீக்கரின் அமைதி வேறு. நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி. நான் நாற்காலியை நகர்த்தினால் பின்னால் சர்ர்ர் என்று ஒன்று இழுபடும். நகர்த்துவதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். என் வீட்டுத் தரை சிமென்ட் தரை. அதில் உப்பு கிடையாது. பெருக்கிப் பார்த்துவிட்டேன்.

ஆம்ப்ளிபயரை அணைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அணைத்தேன். அணைத்தபின் அந்தப் பெயரைச் சொல்லவே முடியவில்லை. பதில் வருமா வராதா என்று தெரியாமல் ஒரு பெயரை எப்படிச் சொல்வது? மறுபடி போட்டேன். தினமும் போடுகிறேன். மத்தியானத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு, அது ம்ம்ம் என்றதும்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, திரும்பச் சொல்லுங்கள். நான் அந்தப் பெயரை மட்டும் குரலை இறக்கிச் சொல்கிறேன் என்றா? இன்னும் உங்கள் முன்னால் நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லையே. ஓ, நீங்கள் ஏணியில் இருந்தபோது சொல்லிப் பார்த்தேன், அதைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அடிக்குரல் இந்தத் தடித்த நரம்பின் சுருதியோடு ஒத்துப்போகிறது, அதனால் அது அதிர்கிறது என்கிறீர்கள். மற்றப் பெயர்களை மேடைக் குரலில் சொல்கிறேன், அதனால் அதிரவில்லை.

அபத்தம். எல்லாப் பெயரையும் நான் ஒரே குரலில்தான் சொல்வேன். ஐம்பத்தைந்து ஆண்டு மேடை ஏறியவனுக்குத் தன் குரல் தெரியாதா? விஞ்ஞான விளக்கம் எனக்கும் பிடிக்கும், ஆனால் சரியான விளக்கமாக இருக்க வேண்டும்.

எப்படியிருந்தாலும் இது தொழில்நுட்பப் பிரச்சினை. இந்த இரைச்சலை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பெயரைத் திரும்ப வாசித்துவிட்டால் பெயருக்கும் எனக்கும் வழக்கு முடிந்தது, இரைச்சலும் நின்றுவிடும் என்று ஒரு யோசனை. சோதனை செய்து பார்ப்பதில் தவறில்லை. மாலையில் முடியாது. எனக்கு ஐந்து நிமிடம், அதில் செல்வின் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நிற்பான். அதனால்தான் இந்த அம்மாளை இப்போதே வரச்சொன்னேன். வாசித்துவிட்டால் மாலைப் பட்டியலில் செல்வின் சேர்த்துத்தான் ஆக வேண்டும். விதி அது.

ஒரு சாட்சி பிரகாசி. இன்னொரு சாட்சி வேண்டும். அவனை அறிந்தவராக இருக்க வேண்டும். அன்று கொட்டகையில் இருந்து, அவனோடு பழகியவர்களில் இரண்டு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருக்கு நினைவு இல்லை, மற்றவர் நான் கூப்பிட்டதும் போனை வைத்துவிட்டார். நீங்கள்தான், தம்பி. இவ்வளவு நேரம் கேட்டீர்களே. மூட்டை தெரியும், கொசு தெரியும், வயர் இழுபட்ட சத்தம் தெரியும். இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களில் அவனை உங்கள் அளவுக்கு அறிந்தவர் வேறு யார்?

நன்றி. எழுந்து நிற்க வேண்டும். ஆமாம், விதி. வால்யூமைக் கூட்டுங்கள். இன்னும் கொஞ்சம். போதும். கிட்டார்மேல் கிடக்கிற துண்டை எடுத்துவிடுகிறேன்.

"என்ன தலைவரே, இன்னுமா முன்னுரை?"

கேட்டீர்களா அவர் பேச்சை? காலையிலிருந்து வாயைத் திறக்காதவர். இல்லையம்மா, முன்னுரை முடிந்தது. நீங்களும் எழுந்திருங்கள். முன்னால் வந்து நில்லுங்களேன், அங்கே கதவோரத்தில் எதற்கு?

"நான் இங்கனயே நிக்கேன். நீரு வாசியும்."

சரி. ஒரு விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைய அரசியல் சூழ்நிலையில்...

"காரணம் எனக்கு வேண்டாம். பேரு போதும். நீரு எழுதுன விதிதானே?"

ஆமாம். நான் எழுதிய விதிதான்.

தொம்மை மகன் இஞ்ஞாசி.

அது என்ன சொன்னது, தம்பி? இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கும் கேட்டது. அது எதையும் சொல்லவில்லை. குரல் எழும்பாமல் என் வாய் அருகிலேயே நின்றுவிட்டது பேர். அங்கே என்னம்மா சொல்கிறீர்கள்?

"கேக்கலன்னு சொன்னேன்."

கேட்கவில்லையா?

"இங்க ஒண்ணும் கேக்கல."

தண்ணீர் இருக்கிறதா, தம்பி? இல்லை, வேண்டாம். மைக் வேண்டாம். மைக்கை அந்தப் பக்கம் வையுங்கள். இதை நான் மைக் இல்லாமல் செய்ய முடியும். அந்தக் கொட்டகையில் கரண்டு போனபோதெல்லாம் வெறும் தொண்டையில் பேசியவன் நான். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், தம்பி. நீங்களும் அம்மா. யாரும் திரும்ப வேண்டாம்.

உப்பளத் தொழிலாளர் சங்க உறுப்பினர், மடைத் தச்சர், தொம்மை மகன் இஞ்ஞாசி!